கி.பி. எழுபதில் நின்றுபோன என் கல்யாணம்

விதி எட்டு: “ஒரு தீர்மானத்தின் முடிவால் சொந்த லாபமோ நஷ்டமோ அடையக்கூடிய அங்கத்தினர் எவரும் அத்தீர்மானத்தின்மேல் பேசலாகாது. அப்படிப்பட்டவர் கூட்டம் தொடங்குமுன் எழுந்து, தலைவரிடம் காரணத்தைச் சொல்லி, விலகி உட்கார வேண்டும்.”

மதுரையில் எங்கள் கிறிஸ்தவ சபை வாலிபர்களின் விவாத சங்கத்துக்கு இருந்த விதி இது. எழுதியவன் நான். அதற்கு முந்தைய வருடம், ‘காப்பி உடலுக்குக் கெடுதி’ என்ற தீர்மானத்தை ஆதரித்து ஓர் அங்கத்தினர் கண்ணீர் மல்கப் பேசி ஜெயித்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் அண்ணனுக்குக் கீழவாசலில் சோடாக் கடை. அதே ராத்திரி உட்கார்ந்து விதி எட்டை எழுதினேன். சங்கத்தில் அந்த விதியை வரிக்கு வரி ஒப்பிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை மீறியவனும் இன்று வரை நான் ஒருவன்தான்.

1942 கோடை. நான் திருமங்கலம் ரிஜிஸ்தர் ஆபீசில் குமாஸ்தா. பழங்காநத்தத்தில் ஓர் அறை, பி.ஏ. பட்டம், அதில் தர்க்க சாஸ்திரத்தில் நல்ல மார்க்கு. (தர்க்கத்தில் நல்ல மார்க்கு வாங்கிய பையனுக்குப் பெண் கொடுக்குமுன் யோசிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் என் மாமியார் சொல்வதுண்டு.) பரவையில் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர் வேதமுத்து சாரின் மகள் கிருபைக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. நிச்சயம் ஆகி ஆறு மாதத்துக்கு மேலாகியும் கல்யாணத்துக்கு மட்டும் தேதி கிடைக்கவில்லை.

வேதமுத்து சார் வரதட்சிணையில் இழுக்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை. அவர் சொன்ன காரணத்தை எந்த அலுவலகத்திலும் நான் கேட்டதில்லை. “காலம் சமீபமாயிருச்சு. கர்த்தர் வாசல்ல நிக்கிறாரு. இந்த நேரத்துல கலியாணம் என்ன கலியாணம்?”

கேட்டுவிட்டு வந்த என் தகப்பனார் சொன்னார். “ஏன்டா, கர்த்தர் வந்தப்பெறமாவது தேதி உண்டான்னு விசாரிச்சுக்க. மண்டபத்துக்குச் சொல்லணும்ல.”

இன்றைக்குச் சிரிப்பாக இருக்கிறது. அந்த வருடத்தில் அப்படி இல்லை. ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் மதுரை ஜங்ஷனில் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். சென்னையைக் காலி செய்தவர்கள் தெற்கே வந்து இறங்கியதில் பழங்காநத்தத்தில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்கள். தெருவிளக்குகளுக்குக் கறுப்பு முக்காடு. மண்ணெண்ணெய்க்கு வரிசை. உலகம் முடியப்போகிறது என்று ஒருவர் சொன்னால், எதிரே இருப்பவர் மறுக்கமாட்டார். எந்தக் கிழமை என்று கேட்பார்.

வேதமுத்து சார் தினமும் காலையில் மடியில் செய்தித்தாளையும் வேதத்தையும் ஒருசேர வைத்துக்கொண்டு, இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று ஒத்துப் பார்ப்பார். யுத்தமா, இருக்கிறது. பஞ்சமா, இருக்கிறது. வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் மிருகத்தின் எண், 666, என்று ஒன்று வருமே, அதற்குத் தமிழ் எழுத்துகளுக்கு வரிசையாக எண் கொடுத்துக் கூட்டி, ஜெர்மனிக்காரரின் பெயரைக் கச்சிதமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் சார்பதிவாளரின் பெயரும் வந்தது. அவர் மாதக் கடைசியில் கொஞ்சம் அப்படித்தான் இருப்பார் என்றாலும், உலக முடிவுக்கு அவரைப் பொறுப்பாக்க மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாரின் மூத்த மகன் ஆசீர், ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அங்கே குண்டு விழுந்த பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரியும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் எதுவும் யோசித்திருக்கவில்லை.

என் கவலை தேதியைப் பற்றியது. அப்போதுதான் கல்லூரிப் பழைய மாணவர் வாசகசாலையில், அட்டை இல்லாத ஓர் ஆங்கில வியாக்கியானம் கையில் கிடைத்தது. அதை எழுதிய பாதிரியார் ஒரே போடாகப் போட்டிருந்தார்: கடைசிக்காலம் என்று இயேசு ஒலிவ மலையில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் எருசலேமின் அழிவைப் பற்றியது, கி.பி. எழுபதில் ரோமப் படை வந்து கோயிலைக் கல்மேல் கல் இல்லாமல் இடித்தபோது அவ்வளவும் நிறைவேறிவிட்டது. ‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகுமுன் இவையெல்லாம் சம்பவிக்கும்’ என்று அவர் சொன்னபடி, கேட்டுக்கொண்டிருந்த சந்ததி கண்மூடுமுன்பே நடந்து முடிந்துவிட்டது.

எனக்குப் புல்லரித்தது. பக்தியால் அல்ல. காலாவதியான ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என் கல்யாணத்துக்குத் தடை போட்டுக்கொண்டிருக்கிறார்! ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு மேல் பழைய பத்திரம்! இதை ஒரு பொதுக்கூட்டத்தில் நிரூபித்துவிட்டால், மறுநாளே அவர் நாட்காட்டியைக் கையில் எடுத்தாக வேண்டும் அல்லவா? ஒரு மனிதரை எல்லோர் முன்னாலும் தோற்கடித்தால் அவர் மகிழ்ந்து பெண்ணைக் கொடுப்பார் என்று தர்க்க சாஸ்திரத்தில் எந்தப் பாடத்தில் படித்தேன் என்பது இப்போது நினைவில்லை.

தீர்மானம் சுற்றுக்கு விடப்பட்டது: ‘வேதத்தில் முன்னுரைக்கப்பட்ட கடைசிக்காலச் சம்பவங்கள் ஏற்கெனவே நிறைவேறிவிட்டன.’ ஆதரித்து நான். எதிர்த்து வேதமுத்து சார். தலைவர் எங்கள் போதகர். விதி எட்டை யாரும் நினைவூட்டவில்லை. நினைவூட்ட வேண்டியவர் காரியதரிசி. காரியதரிசியும் நானே.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், பள்ளிக்கூட மண்டபம். ஆண்கள் பெஞ்சிலும் பெண்கள் பாயிலும் நிரம்பியிருந்தார்கள். கிருபை இரண்டாவது வரிசைப் பாயில், அவள் தாயார் அன்னம்மா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். எனக்குத் துணையாக என் ஆபீஸ் நண்பன் ஒச்சப்பன் வந்திருந்தான். திருமங்கலத்துக்கு மேற்கே, நிலத்தை உழுது பிழைக்கும் சம்சாரிக் குடும்பம். அவன் சாமி வேறு, ஆனால் நான் பேசினால் கைதட்ட எந்தச் சாமியும் தடை சொல்லாது என்று வந்துவிட்டான்.

“மாப்ள, இம்புட்டுக் கூட்டமா? ஏலம் கீலம் போடுறாகளா?”

“விவாதம்டா.”

“ஜெயிச்சா என்ன குடுப்பாக?”

“பொண்ணு.”

“அப்ப நல்லாப் பேசு” என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நன்றாகத்தான் பேசினேன். அதை இன்றும் மறுக்கமாட்டேன். ரோமப் படையைக் கொண்டுவந்தேன், மதிலை இடித்தேன், கோயிலை எரித்தேன். மிருகத்தின் எண் எபிரேய எழுத்தில் ஒரு பழைய ரோமச் சக்கரவர்த்தியின் பெயர் என்றேன். பாயில் இருந்த ஒரு குழந்தை அழுதது. அதுவும் என் பேச்சின் வன்மையால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேதமுத்து சார் எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மூன்றாம் வகுப்புப் பையனிடம் வாய்ப்பாடு கேட்கும் குரலில் ஆரம்பித்தார்.

“தம்பி நல்லாப் பேசுனாக. எனக்கு ஒரு சின்ன சந்தேகம். சூரியன் இருண்டுபோகும், சந்திரனும் வெளிச்சம் தராதுன்னு வருதே, அதுவும் நடந்து முடிஞ்சிருச்சா?”

“முடிந்துவிட்டது ஐயா. அது உருவகம். ஒரு ராஜ்யம் விழுவதை அப்படிச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம்.”

“சரி. நீங்க ரிஜிஸ்தர் ஆபீஸ்லதான இருக்கீக?”

“ஆமாம்.”

“கிரையப் பத்திரத்துல, நிலத்த வாங்குனவன் எம்புட்டு நாளைக்கு அனுபவிக்கலாம்னு எழுதுவீக?”

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கோ தொழில் பக்தி. மார்பை நிமிர்த்தி ஒப்பித்தேன்: “புத்திர பௌத்திர பாரம்பரியமாக, சந்திராதித்தர் உள்ளவரை, சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.”

“சந்திராதித்தருன்னா?”

“சந்திரனும் சூரியனும்.”

“உருவகமா?”

நான் பதில் சொல்வதற்குள் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு.

“இல்ல தம்பி, கேக்கேன். அவுக ரெண்டு பேரும் எழுபதாம் வருஷத்துலயே அணைஞ்சுட்டாகன்னு நீங்களே சொல்றீக. அப்ப திருமங்கலம் தாலுகாவுல இன்னைக்கு யாரு நிலம் யாருக்குச் சொந்தம்?”

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குமுன் முன்வரிசையில் ஒச்சப்பன் எழுந்து நின்றான். அவன் சிரிக்கவில்லை. “மாப்ள, போன மாசம் எழுதுனமே என் கரிசக்காடு, அது என்னத்துக்கு ஆகும்?”

(என் தரப்புக்குக் கைதட்ட வந்தவன்.)

தலைவர் மேசையைத் தட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். “ஐயா பேச்சைத் திசைதிருப்புகிறார். கேட்டுக்கொண்டிருந்த சந்ததி என்று தெளிவாக இருக்கிறது. சந்ததி என்றால் அன்றைக்கு உயிரோடிருந்த ஜனங்கள்.”

“தப்பு. சந்ததின்னா பிள்ளை, பேரன், வம்சம். அது இன்னும் ஒழியலை. அதனால காலம் இன்னும் இருக்கு.”

“இல்லை ஐயா, சமகாலத்தவர்.”

“வம்சம்.”

“சமகாலத்தவர்!”

“சந்ததின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?”

வியாக்கியானத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க விளக்கம் இருந்தது. மூலபாஷைச் சொல்லைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சபை மக்கள் அனைவரும் கேட்க, உச்சக் குரலில் நான் சொன்னது இது:

“நீங்கள் கல்யாணத்துக்குத் தேதி கொடுத்தால் அல்லவா ஐயா, எனக்குச் சந்ததி என்றால் என்னவென்று தெரியும்!”

பாய்ப் பக்கத்திலிருந்து கிளம்பியது சிரிப்பு. தலைவர் குனிந்து மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது. கிருபை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாள் என்று நான் இன்றும் சொல்கிறேன். குமட்டிக்கொண்டு வந்தது என்று அவள் இன்றும் சொல்கிறாள்.

இதோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை வெறும் சிரிப்புக் கதையாகப் போயிருக்கும். எனக்கு இன்னும் நிமிடங்கள் பாக்கி இருந்தன. மானத்தை மீட்க, பேச்சின் முடிவுரையை எடுத்துவிட்டேன். எழுதி, கண்ணாடி முன் நின்று, கையசைவுகளோடு பழகி வைத்திருந்தது. “நண்பர்களே! நடக்க வேண்டியது நடந்துவிட்டது. வரவேண்டியது வந்துவிட்டது. இனி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண். காத்திருப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போகலாம்!”

பாயிலிருந்து அன்னம்மா அம்மா எழுந்தார். எங்கள் சங்கத்தில் அதுவரை பெண்கள் யாரும் கேள்வி கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று விதியும் இல்லை.

“அப்ப, வர்றதுக்கு இனிமே யாரும் பாக்கி இல்லையா தம்பி?”

கேள்வி கேட்கப்பட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி ஆறு. “பாக்கி இல்லை அம்மா” என்றேன்.

அவர் உடனே உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். கிருபைதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வேதமுத்து சார் கண்ணாடியை மறுபடி கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. மண்டபத்தில் யார் முகத்திலும் சிரிப்பு இல்லை என்பதைப் பார்த்துத்தான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாரோ ஒருவர் பர்மாவிலோ மலாயாவிலோ இருந்தார்.

ஒச்சப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “மாப்ள, உக்காரு. போதும், உக்காரு.”

போதகர் வாக்கெடுப்பு நடத்தவில்லை. “தீர்மானம் மேசைமேல் வைக்கப்படுகிறது” என்றார். தேதி குறிக்காமல் ஒத்திவைத்தாயிற்று என்று அர்த்தம். நான்தான் அந்த முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பரவைக்குப் போனேன். அது பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்களின் காலம். நடந்து போயிருந்தால் முன்னால் போயிருக்கலாம். மூன்று பகுதிகளாக ஒரு மன்னிப்பு தயாரித்து வைத்திருந்தேன். நிச்சயம் முறிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் பகுதி எதுவும் இல்லை.

கதவைத் திறந்தவள் கிருபை. நிச்சயம் ஆன பிறகு என்னிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை:

“எழுபதாம் வருஷத்துலருந்து வாரீகளா? களைப்பா இருக்கும், உக்காருங்க. அப்பா ஸ்கூல்ல இருக்காக. அம்மாவக் கூப்பிடுறேன்.”

அன்னம்மா அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தார். மன்னிப்பின் முதல் பகுதியை நான் தொடங்கியதும் கையமர்த்தினார்.

“விடுங்க தம்பி. உங்க மேல வருத்தம் இல்ல. அவரு கர்த்தர் வர்றாரு, வர்றாருன்னு சொல்றது கர்த்தர மட்டும் இல்ல. ஆசீர் பேரச் சொல்லி வருவான்னு சொன்னா வராமப் போயிருவானோன்னு பயம். மச்சான் வந்து மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையப் பிடிச்சுக் கூட்டியாந்தாத்தான மாப்பிள்ளை கோயிலுக்குள்ள வரணும்? அவன் இல்லாமத் தேதி வச்சா, அவன் இல்லைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்ல?”

அரிசியைப் புடைத்தார்.

“சர்க்காருக்கு எழுதிக் கேளுங்கன்னா, அதுவும் வேணாம்ங்கிறாரு.”

“ஏம்மா?”

“எழுதிக் கேட்டாப் பதில் வந்துரும்ல.”

நான் பதில்களை நம்பி வளர்ந்தவன். மனு போட்டால் பதில் வர வேண்டும். வராவிட்டால் நினைவூட்ட வேண்டும். வந்ததும் கோப்பைக் கட்டி வைக்க வேண்டும். பதில் வந்துவிடுமோ என்று பயந்து ஒருவர் மனுவே போடாமல் இருக்கலாம் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. அந்த முறத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோது, ரோமப் படை எருசலேமை இடித்த விவரம் அனைத்தும் எனக்குத் தெரிந்திருந்தது. வேறொன்றும் தெரிந்திருக்கவில்லை.

வேதமுத்து சார் வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

“என்ன தம்பி, அப்பீலா?”

“இல்லைங்க ஐயா. வாபஸ்.”

“வாபஸ் வாங்க முடியாது. மேசைமேல வச்சாச்சு.” உட்கார்ந்தார். அவர் மனைவி பார்த்த பார்வையைத் தாங்கமாட்டாமல் பேசினார் என்றுதான் நினைக்கிறேன். “நீங்க மனு எழுதுறதுல கெட்டிக்காரருன்னு சொல்றாக. பர்மா சனங்களப் பத்தி விசாரிக்க எந்த ஆபீசுக்கு எழுதணும்?”

எழுதினேன். வயது, நிறம், இடது புருவத்தில் தழும்பு. கேட்டுக் கேட்டு எழுதினேன். ‘இன்னாருடைய மகன்’ என்ற இடம் வந்ததும் அவரே பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார். கையெழுத்துப் போட்டு முடித்தபின் அன்னம்மா அம்மா தேதியைப் பற்றிப் பேசினார். மனுவின் தேதி அல்ல.

“அறுப்பு முடியவும் கலியாணத்த வச்சிருவோம்.”

“காலம் சமீபமா இருக்குடி. நடுவுல கர்த்தர் வந்துட்டா?”

“வந்தா என்ன? இலை போட்டு உக்கார வைப்போம். பந்தி முடியாமலா கூட்டிட்டுப் போயிருவாரு?”

வேதமுத்து சாருக்கு வேதம் முழுவதும் தெரியும். அன்று அதை விட்டுவிட்டு நாட்காட்டியைக் கையில் எடுத்தார்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் மச்சான் மாலையை அவரே எனக்குப் போட்டார். மோதிரத்தையும் போட்டுவிட்டு, கையைப் பிடித்தபடி காதோடு சொன்னார்: “இது ஆசீர் போடுற மாலை. நான் போடலை. அவன்கிட்டச் சொல்லிருங்க.”

இன்று நான் பென்ஷன்காரன். உலக முடிவைப் பற்றி மறுபடியும் நிறையப் படித்திருக்கிறேன். அந்தப் பாதிரியாரின் வாதம் தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. எழுபதாம் வருடம் ஒரு உலகம் முடியத்தான் செய்தது. நாற்பத்திரண்டில் ஒன்று முடிந்தது. அவரவர் வீட்டில் அவ்வப்போது ஒன்று முடிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் முடிந்துவிட்டது என்பதை அந்த வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா போய்ச் சொல்லக்கூடாது.

எங்கள் வீட்டில் இது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் போனால் பேரப்பிள்ளைகள் கத்துவார்கள்: “தாத்தா, சந்திராதித்தர் போயாச்சு!” புதிதாக வரும் மருமகளுக்கெல்லாம் கிருபை முதல் வாரத்திலேயே அந்தச் சந்ததி வசனத்தைக் கையசைவோடு நடித்துக் காட்டிவிடுவாள். ஒச்சப்பன் சாகும்வரை, ஒவ்வொரு வருடமும் பருத்தி எடுத்ததும் ஒரு கூடை அனுப்பி, ‘நிலம் இன்னும் என் பேரில்தான் இருக்கிறதா, மாப்ள?’ என்று சீட்டு வைப்பான்.

அந்த மனுவுக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். விசாரணையில் உள்ளது என்று வரும். யுத்தம் முடிந்த பிறகும் அதுவே வந்தது. கடைசியில் வந்த பதிலை நான் பரவைக்குக் கொண்டுபோய், என் மாமனாருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்: மேற்படி நபரின் பெயர் இறந்தவர்கள் பட்டியலிலும் இல்லை, திரும்பியவர்கள் பட்டியலிலும் இல்லை, ஆகவே விசாரணை இத்துடன் முடிக்கப்படுகிறது.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அன்னம்மா அம்மா உள்ளே எங்கள் மகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார், தாலாட்டு நின்றது.

“அப்ப இன்னும் நிறைவேறலை. அப்படித்தான, மாப்ள?”

முறைப்படி அந்தக் கோப்பு முடிந்துவிட்டது. அதற்குமேல் மனுவோ, நினைவூட்டலோ, மேல்முறையீடோ கிடையாது. எனக்குத் தெரியும்.

“நிறைவேறலை மாமா” என்றேன்.

அவர் தலையாட்டினார். மேசைமேல் கிடந்த தீர்மானம் அப்படித் தோற்றது. பதில் வந்த தேதி: 1946 ஏப்ரல் 20, கர்த்தர் மரித்த பெரிய வெள்ளிக்கும் உயிர்த்தெழுந்த ஈஸ்டருக்கும் நடுவில் வரும் சனிக்கிழமை.